சுவரில் ஏறிய டர்ன்டேபிள்

கிள்ளானில் ஒரு பழைய கடைவீட்டு மாடியில் நானும் அக்காவும் குடியிருந்தோம். அவள் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. நான் செய்துகொண்டேன், நிலைக்கவில்லை. இரண்டு பேருக்கும் வயது அறுபதைத் தாண்டியிருந்தது. மாடித் தரை முழுக்கப் பலகை. என் தலைவலி அந்தப் பலகையில்தான் ஆரம்பித்தது.

எனக்கு இசைத்தட்டுப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் டர்ன்டேபிளில் தட்டை வைத்து முள்ளை இறக்கிவிட்டால், அப்புறம் என்னிடம் யாரும் பேசக்கூடாது. அக்காவோ கனத்த உடம்புக்காரி. முழங்கால் தேய்ந்துபோனதால் ஒரு காலை ஓங்கி வைத்து நடப்பாள். சமையல்கட்டில் அவள் நாலு எட்டு வைத்தால் கூடத்தில் முள் துள்ளும். வயலின் குழைந்து வரும்போது நடுவில் டக்கென்று ஒரு வெட்டு விழும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"அக்கா, நடக்காத!"

அவள் நின்ற இடத்திலேயே நின்றுவிடுவாள். சில நாள் கழுவின தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுதாக ஓடி முடியும்வரை நிற்பாள். "முடிஞ்சிருச்சா? காலை எடுக்கலாமா?" என்று கேலியாகக் கேட்பாள். நானும் சிரித்துவைப்பேன். முழங்கால் வலிக்காரியை இருபது நிமிடம் நிற்க வைத்தோமே என்று அப்போது ஒருநாளும் தோன்றவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நடக்காமல் எத்தனை நாள் இருப்பாள்? அதிர்வைத் தடுக்கிற சாமான்களை ஒவ்வொன்றாக வாங்க ஆரம்பித்தேன். முதலில் கூம்பு மாதிரியான இரும்புக் கால்கள். துள்ளல் அதிகமானதுதான் மிச்சம். அடுத்து ரப்பர் பட்டைகள். பிறகு யாரோ இணையத்தில் எழுதியதைப் படித்துவிட்டு ஸ்குவாஷ் பந்துகளைப் பாதியாக அறுத்து நாலு மூலையிலும் வைத்தேன். டர்ன்டேபிள் சம்பான் படகு மாதிரி ஆடியது. கடைசியில் சுங்கை வேயில் அடுப்பு மேடைக்குக் கல் அறுக்கிற கடையிலிருந்து ஒரு கிரானைட் பலகையைத் தூக்கிவந்தேன். ஓசையில் கனம் கூடியது உண்மை. முள் மட்டும் துள்ளிக்கொண்டே இருந்தது.

"இந்தக் கல்லுல சப்பாத்தி நல்லா தேய்க்கலாம். எங்கிட்டயே குடுத்துரு," என்றாள் அக்கா.

பெட்டாலிங் ஜெயாவில் எனக்கு ஆம்ப்ளிபையர் பழுது பார்த்துத் தருகிறவர்தான் வழி சொன்னார். "அண்ணே, பலகைத் தரையில என்ன வச்சாலும் சரிவராது லா. செங்கல் செவுரு இருக்குல்ல? அதுல ஸ்டாண்ட் அடிச்சு மாட்டிருங்க. அப்புறம் யானையே நடந்தாலும் முள்ளுக்குத் தெரியாது."

மாட்டினேன். அக்காவைக் கூப்பிட்டு நடக்கச் சொன்னேன். முள் அசையவில்லை.

"ஓங்கி மிதி அக்கா."

கதவைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலாலும் மாறி மாறி மிதித்தாள். பலகை அதிர்ந்தது, பாட்டு அதுபாட்டுக்கு ஓடியது. "அப்பாடா, எனக்கு விடுதலை லா!" என்று சின்னப் பெண்போலச் சிரித்தாள். அன்று முழுக்க வேண்டுமென்றே குறுக்கும் நெடுக்கும் நடந்தாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு. ஒன்றரை மணிக்குச் சாப்பிட்டோம். அக்கா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் பாட்டுப் போட்டேன். ஒரு தட்டு முடிந்து இன்னொன்று, அது முடிந்து வேறொன்று. எழுந்திருக்கவே மனம் வரவில்லை. அத்தனை சுத்தமாக அந்தத் தட்டுகளை நான் கேட்டதே இல்லை. அக்கா படுத்துத் தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்பதுகூடப் பொய்தான். அவளைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

அக்கா ஆறரைக்குச் சாமிக்கு விளக்கேற்றிவிடுவாள். ஒருநாள் தவறியதில்லை. ஏழு மணியாகியும் சாமி அலமாரி இருட்டாக இருந்ததைப் பார்த்துத்தான் எழுந்து போனேன். கழுவும் தொட்டிக்குக் கீழே ஒருக்களித்துக் கிடந்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கண் திறந்திருந்தது, என்னைப் பார்த்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டாக்டர், நம்மவர். "எத்தனை மணிக்கு விழுந்தாங்க அங்கிள்? மூளையில ரத்தம் கட்டியிருக்கு. கரைக்க மருந்து இருக்கு. ஆனா விழுந்து சில மணி நேரத்துக்குள்ள குடுத்தாகணும்."

தெரியாது என்றேன். மறுபடி கேட்டார். மறுபடியும் தெரியாது என்றேன்.

"சரி, கடைசியா அவங்க நல்லா இருந்ததை எப்ப பாத்தீங்க?"

"ஒன்றரை மணிக்கு."

சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். எட்டாகப் போகிறது. எப்போது விழுந்தாள் என்று தெரியாததால் ஒன்றரையிலிருந்துதான் கணக்கு வைக்க முடியும், அப்படிப் பார்த்தால் அந்த மருந்துக்கு நேரம் கடந்துவிட்டது என்றார். ஆறு மணிக்குக்கூட விழுந்திருக்கலாம். யாருக்குத் தெரியும்? நான்காம் நாள் அக்கா இறந்துபோனாள்.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று அந்த டாக்டர் இன்னொன்றும் கேட்டார், என் முகத்தைப் பார்த்து, மிக மெதுவாக.

"வீட்டுலதானே இருந்தீங்க அங்கிள்? விழுந்த சத்தம் எதுவும் கேக்கலையா?"

"இல்லம்மா," என்றேன். அது எனக்குக் கேட்கக்கூடாது என்றுதான் ஒரு வருஷமாகப் பாடுபட்டேன் என்று அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வேன்?