பாதி சுற்றிய பட்டை

நம்புகிறவர்கள் நம்பட்டும். கடலோர ஊரான மிர்பாத்தில் படகு டிரெய்லர் பழுது பார்க்கும் பகீத்துக்குப் பொய் சொல்ல வராது. அவனுக்கு நடந்ததில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டவில்லை.

கரீஃப் எனும் மழைக்காலம் அது. மலையிலிருந்து இறங்கிய மூடுபனி ஊரையே மூடிக் கிடந்தது. தூறல் விடவில்லை. கடல் கொந்தளித்ததால் படகுகளெல்லாம் கரையேறிவிட்டன. அப்போதுதான் பகீத்துக்குக் கை ஓயாத வேலை. அன்று காலை அவன் மனைவியின் தம்பி முசல்லம், பக்கத்து ஊரான சதஹ்வில் மலிவாக வாங்கிய டிரெய்லர் ஒன்றைக் கொண்டுவந்து கடற்கரைப் பட்டறை வாசலில் விட்டான்.

"சக்கரம் கத்துது மச்சான். பேரிங்கை மாத்திக் குடு."

"உன் படகு கனத்துக்கு ஒட்டகமே கத்தும். சக்கரம் கத்தாதா?"

"வாயைக் குறை. நாளைக்கு வந்து எடுத்துக்கிறேன்."

நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்து பகீத் வண்டியை ஜாக்கியில் தூக்கினான். சக்கரத்தைக் கழற்றினான். உப்புத் தண்ணீர் புகுந்து பழைய கிரீஸ் பாலாக வெளுத்திருந்தது. வழித்துத் துடைத்தான். புதிய பேரிங்கில் உள்ளங்கையால் கிரீஸை அழுத்தி ஏற்றினான். சக்கரத்தை மாட்டிச் சுழற்றிப் பார்த்தான். துளி சத்தமில்லை.

ஆனால் அது நிற்கவும் இல்லை...

கையை வைத்து நிறுத்தினான். அந்தப் பக்கம் திரும்பியதும் மறுபடி சுற்றியது. இந்த முறை பின்பக்கமாக. காற்றாக இருக்கும் என்று நினைத்தான். காற்றே அடிக்கவில்லை. ஏனோ அவனுக்கு உட்காரவும் முடியவில்லை, வேலையில் மனம் ஒட்டவும் இல்லை.

டக்... டக்...

டிரெய்லரின் முன்னால், படகை இழுத்து ஏற்றும் வின்ச்சிலிருந்து வந்தது சத்தம். பகீத் எட்டிப் பார்த்தான். வின்ச்சில் சுற்றியிருக்கும் பட்டையின் நுனிக் கொக்கி இருந்த இடத்தில் இல்லை. பட்டை அவிழ்ந்து, மணலுக்கு மேலே விறைப்பாக நீண்டு, கடல் பக்கம் பனிக்குள் போயிருந்தது. வின்ச்சின் பூட்டோ போட்டபடியே இருந்தது. பூட்டு போட்டிருந்தால் பட்டை அவிழ வழியே கிடையாது.

"சுத்து..."

பனிக்குள்ளிருந்து ஓர் ஆணின் குரல். களைத்த குரல். யாருடைய படகோ அலையில் மாட்டிக்கொண்டது போல என்று நினைத்து, பகீத் ஓடிப்போய்க் கைப்பிடியைப் பிடித்தான்.

"யாரு அது?"

"சுத்து. நிறுத்தாதே."

சுற்றினான். டக்... டக்... டக்...

மறுமுனையில் கனம் இருந்தது. படகின் கனம் இல்லை. ஓர் ஆளின் கனம்.

உள்ளே வந்த பட்டை ஈரமாக இருந்தது. அழுகிய மீன் வாடை.

"இன்னும் கொஞ்சம்தான்..."

குரல் இப்போது பத்தடியில். ஆளைக் காணோம்.

டக்... டக்...

"இன்னும் கொஞ்சம்தான்... மச்சான்."

முசல்லத்தின் குரல் இல்லை அது.

பகீத் வின்ச்சின் பூட்டைத் தட்டித் திறந்துவிட்டான்.

கைப்பிடி பேயாய்ச் சுழன்று அவன் மணிக்கட்டில் அடித்தது. பட்டை சீறிக்கொண்டு பனிக்குள் ஓடியது.

பிறகு... ஒன்றுமில்லை.

கட்டுப் போட்ட கையோடு மறுநாள் முசல்லத்தைப் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனான். பட்டை முழுவதும் அழகாகச் சுற்றியிருந்தது. காய்ந்திருந்தது.

"கனாக் கண்டியா மச்சான்?" என்று முசல்லம் சிரித்தான். ஆனாலும் விற்றவரைப் போனில் கூப்பிட்டு, நடந்ததைச் சொன்னான். வண்டியை விற்ற ஹுபைஸ் கிழவர் சதஹ்விலிருந்து பேசினார்.

"அது என் தம்பி வண்டி. போன கரீஃப்ல, பட்டப்பகல்ல ஆளைக் காணோம். கடல்ல இருந்து வண்டி வரைக்கும் ஏதோ ஒரு ஆளோட கால்தடம் வந்திருந்துச்சு. திரும்பிப் போன தடம் இல்ல. தம்பி போன தடமும் இல்ல. வின்ச் பட்டை மட்டும் நனைஞ்சு, முழுசா சுத்தியிருந்துச்சு."

பிறகு கிழவரே கேட்டார்.

"உங்க மச்சான் முழுசா சுத்திட்டாரா?"

"இல்ல. பயந்து பாதியில விட்டுட்டார்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் கிழவர். "என் தம்பி முழுசா சுத்திட்டான்."