வீடு பார்க்க வந்த நாள்

லிந்தால்வா வாயிலிருந்து "இல்லை" என்ற சொல்லை எங்கள் ஊர் பய்ஷா ஃபுண்டாவில் யாரும் கேட்டதில்லை. கரும்பு வெட்டத் தெற்கே போன புருஷன் போனவன்தான். மழை பொய்த்த வருஷங்களில் ஊரே அரசாங்க லாரி முன்னால் நின்று அவரைக்கொட்டை மூட்டை வாங்கியது. அவள் மட்டும் போகவில்லை. கேட்டவர்களிடம், "போன வாரந்தான் வாங்கினேன், கெடக்கு" என்றாள். பள்ளிக்கூடம் பெருக்கி, ஊரார் துணி துவைத்து ஒற்றை மகனை வளர்த்தாள். தேய்த்த சட்டை போடாமல் அவன் வாசல் தாண்டியது கிடையாது.

அந்த மகன் ஜோசிவால்தான் எங்கள் வட்டாரத்திலேயே பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள். கால்நடை மருத்துவம். அரசுப் பல்கலைக்கழகம், படிப்புக்குக் காசு கிடையாது. ஆனால் நகரத்தில் தலை சாய்க்க இடம் வேண்டும், வயிற்றுக்குச் சோறு வேண்டும். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகமே மாதாமாதம் உதவித்தொகை தரும். அதற்கு எழுதிப் போட்டிருந்தான். கிடைக்காவிட்டால் மாமனோடு சாவ் பாவ்லோ போய்ச் சிமெண்டுக் கலவை சுமப்பது என்று முடிவாகியிருந்தது. மாமன் கையோடு வேலைக்கும் சொல்லி வைத்துவிட்டான்.

"அம்மா, வியாழக்கிழமை பல்கலைக்கழகத்துலேர்ந்து ஒரு அம்மா நம்ம வீட்டப் பாக்க வர்றாங்க. நானும் அவங்க கார்லயே வந்துடறேன். நீ ஒண்ணும்..." என்பதோடு போன் அறுந்து போனது.

வீட்டைப் பார்க்க வருகிறார்கள்! லிந்தால்வாவுக்கு அதில் ஒரே ஓர் அர்த்தம்தான் இருந்தது: வீட்டில் ஒரு குறையும் தெரியக் கூடாது. புதன்கிழமையே பக்கத்து வீட்டுக் குரூசாவின் பிரிட்ஜ் தள்ளுவண்டியில் வந்து இறங்கியது. கடைக்கார வால்தெமாரின் டிவி வந்தது. தேவாலயத்திலிருந்து முதுகு சாய்கிற நாற்காலி வந்தது.

"என்னடி, பிஷப்பே வர்றாப்புல குதிக்கிற?" என்றாள் குரூசா.

"பிஷப் வந்தா தரையில உக்கார வெப்பேன். இது பல்கலைக்கழகம்டி."

மறுநாள் பத்து மணி வாக்கில் கார் வந்தது. மகனுக்கு முன்னால் இறங்கியவள் மார்லூசி, பல்கலைக்கழகத்தின் சமூகப் பணியாளர். உதவி கேட்கிற பிள்ளைகளின் வீட்டு நிலையை நேரில் பார்த்து எழுதுவது அவள் வேலை.

"உள்ள வாங்க டாக்டரம்மா!"

"ஐயோ, நான் டாக்டர் இல்லைங்க லிந்தால்வாம்மா."

"பேனா பிடிக்கிறவங்க எல்லாம் எங்களுக்கு டாக்டரம்மாதான். உக்காருங்க."

பின்னால் வந்த ஜோசிவால் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். பிரிட்ஜைப் பார்த்தான், டிவியைப் பார்த்தான்.

மார்லூசி காபியைக் குடித்துக்கொண்டே சுற்றிப் பார்த்தாள். "பிரிட்ஜ் உங்களுதுங்களா?"

"பின்ன யாருது?"

"டிவி?"

"அதுவுந்தான்."

"அம்மா!"

"பெரியவங்க பேசறப்ப குறுக்க பேசாதடா."

மார்லூசி எழுதினாள். பிறகு பேனாவை மூடிவிட்டு, கடுமை இல்லாமல் சொன்னாள்: "நல்லா இருக்கீங்க, சந்தோஷம். தப்பா நெனச்சுக்காதீங்க. கையில இருக்கறது கொஞ்சம், கேக்கறவங்க நெறைய. இதுகூட இல்லாத வீட்டுக்குத்தான் முதல்ல கொடுக்க முடியும்."

லிந்தால்வா முதலில் சிரித்தாள். ஆள் பாராட்டுகிறாள் என்று நினைத்தாள். அப்புறம்தான் மகன் முகத்தைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கலவைச் சட்டி தலையில் ஏறிவிட்டது போல அவன் கழுத்து குனிந்திருந்தது.

நாற்பது வருஷமாக இறுகப் பூட்டி வைத்த வாய் அது. லிந்தால்வா எழுந்து பின்கதவுக்குப் போனாள். வேலிக்கு மேலே, தெருவே கேட்கும்படி கத்தினாள்:

"குரூசா! உன் பிரிட்ஜ வந்து எடுத்துட்டுப் போ! வால்தெமார்கிட்டயும் சொல்லு, அவன் டிவி இங்கதான் கெடக்குன்னு!"

ஊர் கூடிவிட்டது. குரூசா ஈரக்கையைத் துடைத்தபடி ஓடி வந்து, "பைத்தியக்காரி, அவங்க போன பின்னால எடுத்துக்க மாட்டேனா?" என்று காதில் கிசுகிசுத்தாள்.

"இப்பவே எடு. அவங்க பாக்கட்டும்."

பிரிட்ஜ் போனது. டிவி போனது. லிந்தால்வா நாற்காலியின் பக்கம் வந்து நின்றாள். மார்லூசி தானாகவே எழுந்துகொண்டாள். "இதுவுமா?" என்றாள். வாசலில் யாரோ சிரித்தார்கள். லிந்தால்வா சிரிக்கவில்லை.

சுவரோரம் தொங்கிய படுக்கைத் தூளியில் உட்கார்ந்து மார்லூசி எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டாள். நிலம்? இல்லை. மாடு, ஆடு? இல்லை. புருஷன் பணம் அனுப்புகிறாரா? இல்லை. வாசலில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். ஒவ்வொரு "இல்லை"க்கும் ஒரு துணியை அவிழ்த்துப் போடுவது போல இருந்தது அவளுக்கு. ஆனால் குரல் உடையவில்லை.

"உதவித்தொகை வந்தா வீட்டுச் செலவுக்கு அனுப்பச் சொல்வீங்களா?"

"அது அவன் சோறு டாக்டரம்மா. அதுல நான் கைய வெப்பேனா?"

முன்பு எழுதியதை மார்லூசி அடித்தாள். "முடிவு பண்றது நான் ஒருத்தி மட்டும் இல்லைங்க. பாத்தத எழுதறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அன்றைக்கு வாசலிலிருந்து குரூசா மட்டும் போகவில்லை. "நீ சொல்லித்தான் எங்களுக்குத் தெரியணுமாக்கும்" என்றாள். "உன் வீட்டுல என்ன வேகுது, என்ன வேகலேன்னு வேலிக்கு இந்தப் பக்கம் மூக்கு இல்லையா? நீ மறைச்சே, நாங்களும் தெரியாத மாதிரி இருந்தோம். அவ்வளவுதான்."

அடுத்த மாதம் தேர்வானவர்களில் ஜோசிவாலும் இருந்தான். மாமன் தனியாகவே பஸ் ஏறினான். பல்கலைக்கழகச் சாப்பாட்டுக்கூடத்தில் தின்று, விடுதிக் கட்டிலில் படித்து, ஐந்து வருஷத்தில் அவன் மாட்டு வைத்தியனாகி வெளியே வந்தான். எங்கள் பக்கத்திலிருந்து பட்டம் வாங்கிய முதல் ஆள். இந்தப் பேச்சை எடுத்தால் இன்றைக்கும் ஊருக்கே நெஞ்சு நிமிரும்.

பட்டமளிப்புக்கு லிந்தால்வா போனாள். பக்கத்து இருக்கையில் பட்டுக்கவுன் போட்ட ஒரு சீமாட்டி அவள் காலைப் பார்த்து, "செருப்பு ரொம்ப அழகா இருக்கே" என்றாளாம்.

"செருப்பு குரூசாவோடது" என்றாள் லிந்தால்வா, உரக்கவே. "அதோ மேடையில ஏறுறான் பாருங்க, அவன்தான் என்னோடவன்."