அப்பா நனைந்த மழை

காற்று நின்றுவிட்டால் எங்கள் பக்கத்தில் முதலில் ஈதான் தெரியும். மரக்காணத்து உப்பளங்களின் மேல் பகல் முழுக்க வீசும் கடற்காற்று எப்போதாவது சட்டென்று ஓய்ந்துபோகும். கழுத்து மடிப்பில் வேர்வை கசகசக்கும், உதட்டில் கரிக்கும், கண்ணிலும் மூக்கிலும் ஈ மொய்க்கும். அளத்தில் உப்பு வாருகிறவர்கள் பலகையை நிறுத்திவிட்டு, "மோடம்" போடுகிறதா என்று தெற்கே பார்ப்பார்கள். மோடம் என்றால் மேகம் கூடுவது. உப்புக் காலத்தில் எங்கள் வீட்டில் மழை என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. "அது வருதா பாரு" என்றுதான் அம்மா சொல்லுவாள்.

அண்ணன் சரவணன் பத்தாவது பரீட்சை எழுதி முடித்திருந்த கோடை அது. எனக்குப் பதினான்கு வயது. அந்த வயதில் எனக்குத் தெரியாத விஷயமே உலகத்தில் இல்லை. பல வருஷம் கூலிக்கு உப்பு வாரிய அப்பாவுக்கு, மூன்று வருஷம் முன்புதான் முதலாளி ஓர் அளத்தை அப்படியே பங்குக்கு விட்டிருந்தார். பள்ளிக்கூடம் லீவு விடுகிற மே மாதத்தில்தான் உப்பும் மும்முரமாக விளையும் என்பதால், நாங்கள் குடும்பமாக எங்கேயும் போனதே கிடையாது. அந்த வருஷம் என்னவோ அப்பாவே பேச்சை எடுத்தார். "பசங்க வளந்துட்டாங்க. இன்னும் ரெண்டு வருஷம் போனா நம்மகூட எங்க வரப்போறாங்க? ஒரு ரெண்டு நாள் மெட்ராஸ் காட்டிக்கினு வந்துடலாம்" என்றார்.

பிறகு ஒரு வாரம் வீட்டில் ஒரே ரகளை. கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அப்பா வரிசையாக எழுதினார்: சனிக்கிழமை முதல் பஸ், வண்டலூர் மிருகக்காட்சி சாலை, ராத்திரி திருவான்மியூரில் சித்தி வீடு, ஞாயிற்றுக்கிழமை எழும்பூர் மியூசியம், மெரினா, கடைசி பஸ்ஸில் ஊர். மிருகங்களைப் பார்க்க நாங்கள் என்ன சின்னப் பிள்ளைகளா என்று அண்ணன் அதை அடித்துவிட்டு, மீனம்பாக்கத்தில் ஏரோப்ளேன் இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்று எழுதினான். நான் அதை அடித்துவிட்டு எலக்ட்ரிக் ட்ரெயின் என்றும், தானாக நகரும் படிக்கட்டு உள்ள கடை என்றும் எழுதினேன். அம்மா யாரையும் கேட்காமல் மாங்காடு கோயிலைச் சேர்த்தாள். கடைசியில் எழுத இடமில்லாமல் ஓரத்தில் சுற்றிச் சுற்றி எழுதியிருந்த அந்தத் தாளை அப்பா மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அளத்தில் தனியாக இருக்கும்போது எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்த அன்று அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "போயிட்டு வாடான்னுட்டாரு. ஆனா அம்பாரத்துக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அடுத்த வருஷம் அளத்துக்கு வேற ஆளப் பாத்துக்குவேன்னாரு." வரப்பின் மேல் குவித்த உப்புதான் அம்பாரம். அந்தப் பருவத்தில் அப்பா வாரியது முழுக்க ஒரே அம்பாரமாக நின்றது. திங்கட்கிழமை லாரி வருவதாக இருந்தது. பக்கத்து அளத்து ஏழுமலை மாமாவிடம் சொல்லிவிட்டால் போதும், மோடம் போட்டால் தன்னுடையதோடு சேர்த்து நம்முடையதையும் ஓலை போட்டு மூடிவிடுவார் என்று அப்பா அம்மாவைத் தேற்றினார்.

வெள்ளிக்கிழமை ஏழுமலை மாமா அளத்துக்கு வரவில்லை. ஆகவே சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வரும்படி அப்பா என்னை அனுப்பினார். "ரெண்டு நாள் நாங்க இல்ல மாமா, ஓலை கொட்டாயில இருக்குது, பாத்துக்குங்கன்னு சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்." சைக்கிளை எடுத்தேன். ரோட்டுக்கு வந்ததும் வலது பக்கம் திரும்பினால் ஏழுமலை மாமா வீடு. இடது பக்கம் திரும்பினால் கூனிமேடு. கூனிமேட்டில் என் வகுப்புத் தோழி ஜரீனா இருந்தாள். அவளுடைய வாப்பா துபாயிலிருந்து அனுப்பிய குதிகால் செருப்பை மெட்ராஸுக்குப் போட்டுக்கொண்டு போகத் தருவதாகச் சொல்லியிருந்தாள். இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும், இரண்டு இடத்துக்கும் நேரமில்லை. வானத்தைப் பார்த்தேன், துடைத்துவிட்டாற்போல் இருந்தது. இடது பக்கம் திரும்பினேன்.

"சொன்னியாம்மா?" என்று அப்பா கேட்டார்.

"சொல்லிட்டேன்பா" என்றேன்.

அவர் மறுபடி கேட்கவே இல்லை.

மறுநாள் விடியற்காலையில் பஸ் உப்பளங்களைக் கடந்தபோது ஜன்னல் ஓரத்தில் இருந்த எனக்கு எங்கள் அம்பாரம் தெரிந்தது. திறந்த ஜன்னல், ஆனால் பஸ் நின்ற இடங்களில் காற்றே இல்லை. முன்சீட்டுக் கம்பியில் ஈ உட்கார்ந்திருந்தது. அம்மா புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டு, "இன்னாங்க இது, இப்பிடி புழுங்குது" என்றாள். "ஏழுமல இருக்கான், நீ பேசாம வா" என்றார் அப்பா. கம்பியில் இருந்த ஈயைக் கையால் விரட்டினேன். பஸ் வேகமெடுத்தால் காற்று வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வண்டலூரில் என்ன பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. புலி நிழலில் படுத்துக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை என்பதும், நான் நிமிர்ந்து நிமிர்ந்து தெற்கே பார்த்ததும்தான் நினைவிருக்கிறது. எலக்ட்ரிக் ட்ரெயினில் அப்பா என் தலையைத் தட்டி, "இதுக்குத்தான அவ்ளோ சண்ட போட்ட, உர்ருன்னு வர்றியே" என்று கேலி செய்தார். அப்போதே சொல்லியிருக்கலாம். சனிக்கிழமை சாயங்காலம் சொல்லியிருந்தால்கூடப் போதும். அவர் அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்த் தன் கையாலேயே மூடியிருப்பார். ஆனால் மறுநாளைய மெரினா போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். இதை எந்தப் பூச்சும் இல்லாமல் எழுத வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மெரினாவில் நின்றபோது தெற்கு வானம் கறுத்திருந்தது. அது கடலோரமாகவே ஏறி வந்தது. சுண்டல் விற்கிறவர்கள் கூடையை மூடினார்கள், பட்டம் விட்டவர்கள் நூலைச் சுற்றினார்கள். முதல் சொட்டு விழுந்ததும் மணலில் இருந்த கூட்டம் முழுக்கக் கைதட்டிக் கூவியது. மே மாத வெயிலில் வெந்துபோயிருந்த நகரத்துக்காரர்களுக்கு அது திருவிழா. முன்பின் தெரியாத ஓர் அம்மாள் என் அம்மாவைப் பார்த்து, "அப்பாடா, இப்பதான் உசுரு வந்துச்சு" என்றாள். அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, இரண்டு கையையும் விரித்து முகத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றார். "மழைடா சரவணா! எத்தினி வருஷமாச்சு, மழைன்னு வாய் விட்டுச் சொல்லி. பயமில்லாம நனையறது இன்னிக்குத்தான்" என்றார். அண்ணனைப் பிடித்து இழுத்துக்கொண்டு அலை வரைக்கும் ஓடினார். என் அப்பா ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். சட்டைப்பையில் இருந்த காலண்டர் தாள் நனைந்து, மை கரைந்து, மார்பில் நீலமாக இறங்கியிருந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

சற்று ஓய்ந்ததும், "ஏழுமலைக்கு ஒரு வார்த்த சொல்லிடலாம், பாவம், ஒண்டியா மூடியிருப்பான்" என்று ரோட்டோரம் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குள் போனார். தலையைத் துவட்டிக்கொள்ளச் சொல்லி அம்மா என்னையும் உள்ளே தள்ளிவிட்டாள். அளத்தோரத்து டீக்கடைக்குப் போன் போட்டார்; கடைக்காரர் ஆளைக் கூப்பிட்டு வைப்பதாகவும், பத்து நிமிஷம் கழித்துப் பேசும்படியும் சொன்னார். அந்தப் பத்து நிமிஷமும் அப்பா கண்ணாடிக்கு வெளியே மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார், நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி போட்டதும் ஏழுமலை மாமா கத்தியது எனக்கே கேட்டது. "நீ ஊர்ல இல்லியா? காலையிலேர்ந்து ஊத்துது. நீ வருவ வருவன்னு பாத்துக்கினு என்னுத மூடிக்கினு இருந்தேன்! எல்லாம் கரைஞ்சு போச்சேப்பா. போறேன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் நான் இவ்வளவு காலம் அதை நினைத்துக்கொண்டிருக்க மாட்டேன். அது இன்னாரென்று தெரியாத ஒருத்தியைப் பார்க்கிற பார்வை. பிறகு போனுக்குள் நிதானமாகச் சொன்னார்: "ஆமா ஏழுமல. சொல்லாம வந்துட்டேன். மறந்துட்டேன்."

வெளியே வந்து அம்மாவிடமும் அதையே சொன்னார். மரக்காணம் வருகிற வரைக்கும் அம்மா பஸ்ஸில் அவரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வந்தாள். முதலாளியிடமும் அதையேதான் சொன்னார். அடுத்த வருஷம் அளம் வேறு ஒருவருக்குப் போனது. அதே பாத்திகளில் அப்பா கூலிக்கு இறங்கினார். ஊர் சுற்றப் போய் அளத்தை விட்டவர் என்று ஊரே பேசியது, கல்யாண வீட்டுப் பந்தியில்கூட "மறதிக்காரரே" என்று கூப்பிட்டார்கள். அவர் தலையை ஆட்டிச் சிரித்துவைப்பார். என்னிடம் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்த இடத்துக்கும் என்னிடம் சேதி சொல்லி அனுப்பியதும் இல்லை.

அந்த அளம் இருந்த இடத்தில் இப்போது முள்வேலி போட்டு மனைக்கல் நட்டிருக்கிறார்கள். ஏழுமலை மாமா போய்விட்டார், இரண்டு வருஷம் முன்பு அப்பாவும் போய்விட்டார். கோட்டக்குப்பத்தில் என் வீட்டில் என்னோடு இருக்கும் அம்மாவுக்கு, இன்றைக்கும் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் கடைசியில் அந்த மறதியில்தான் வந்து நிற்கும். போன வாரம் என் பிள்ளைகள் இரண்டு பேரும் இரண்டு நாள் சென்னைப் பயணத்துக்குப் போனில் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தபோதும், "உங்க தாத்தா மாதிரி எதையாவது மறந்து தொலைக்காதீங்க" என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். கூடச் சேர்ந்து நானும் சிரித்தேன்.

அன்றைக்கு ராத்திரிதான் இதை எழுத உட்கார்ந்தேன். அம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. இதை நான்தான் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.