பாதி மாத்திரை

அடுக்களை மேடையில் வைத்து அம்மாவின் பாக்குவெட்டியால் முதல் மாத்திரையை நறுக்கியபோது, ஒரு பாதி துள்ளிப்போய் மிக்ஸிக்குப் பின்னால் விழுந்தது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய வெள்ளை மாத்திரை. தேடி எடுத்து, ஊதி, ஒரு பழைய விபூதி டப்பாவில் போட்டு மூடினேன். மற்ற பாதியைத் தண்ணீரோடு கொண்டுபோய் அப்பாவிடம் நீட்டினேன். அவர் உள்ளங்கையைப் பார்க்காமலே வாயில் போட்டுக்கொண்டார். பார்க்கவில்லை என்றுதான் அன்று நினைத்தேன்.

அப்பாவுக்குக் குடலில் வந்த புற்று ஈரலுக்கும் போயிருந்தது. இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கோயம்புத்தூரில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எத்தனை நாள் என்று கேட்டதற்கு டாக்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "சொல்ல முடியாதும்மா" என்றார். சொல்ல முடியாதா, சொல்லக் கூடாதா? மலையாள எல்லைக்குள் இருக்கும் எங்கள் ஊரான பெருமாட்டிக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு அதே யோசனை. அம்மா இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. ஒரே பிள்ளையான நான் பொள்ளாச்சியில் என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, தோப்பு வீட்டில் அப்பாவோடு வந்து இருந்துகொண்டேன். அந்த நாட்களில் நான் யாரையும் நம்பவில்லை. ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்த உறவுக்காரர்கள், அப்பாவின் பாதம் வீங்கியிருக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்ப்பதைக் கவனித்தேன்; பாதம் வீங்கினால் நாள் நெருங்கிவிட்டது என்பார்கள். எல்லோருக்கும் ஏதோ ஒரு நாள் தெரியும், எனக்கு மட்டும் மறைக்கிறார்கள் என்று தோன்றியது.

எல்லோரையும்விட அதிகமாகச் சந்தேகப்பட்டது சிஸ்டரைத்தான். பஞ்சாயத்திலிருந்து வாரம் ஒருமுறை ஜீப்பில் வரும் நர்ஸ் அவர், மலையாளி. அப்பாவைத் திருப்பிப் படுக்கவைத்து முதுகு துடைப்பார், நகம் வெட்டுவார், சிரித்துக்கொண்டே பேசுவார். ஒரு நயா பைசா வாங்குவதில்லை. சொந்தக்காரர்களே மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கும் இடத்தில் இந்த அம்மாளுக்கு என்ன வந்தது என்று நினைத்தேன். போகும்முன் ஒரு நோட்டில் மலையாளத்தில் ஏதோ எழுதுவார். கொழிஞ்சாம்பாறைப் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்த நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் மூடிவிடுவார். முதல் நாளே அப்பாவிடம், "ஆரையாவது பார்க்கணும்னு தோணுதா?" என்று கேட்டார். அவர் கிளம்பியதும் வாசல்வரை பின்னாலேயே போய், "எத்தனை நாளுங்க சிஸ்டர்?" என்றேன்.

"அது எனக்கு அறியில்ல மோளே. ஆருக்கும் அறியில்ல."

பொய் சொல்கிறார் என்று முடிவு செய்துகொண்டேன். அடுத்த முறை அவர் வந்தபோதுதான் இந்த மாத்திரைகளைக் கொடுத்தார். நாலு மணி நேரத்துக்கு ஒன்று, வலி இல்லாவிட்டாலும் தவறக் கூடாது என்றார்.

அன்று சாயங்காலம் பக்கத்துத் தோப்பிலிருந்து சித்தப்பா வந்து மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது அபினி மாத்திரையாக்கும் அம்மிணி. வலி போகுமுங்கறது சேரி. மூச்சும் சேந்தல்லொ அடங்கிப்போகும்? சும்மாக் குடுக்கறாங்கன்னா எதுக்குன்னு ரோசனை பண்ண வேண்டாமா?" என்றார். மறுநாள் காலையில்தான் பாக்குவெட்டியை எடுத்தேன்.

அப்பா வலிக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் பகலில் மூன்று நான்கு தடவை, "கடைசி வாய்க்காலுக்குத் தண்ணி போச்சான்னு ஒரு எட்டுப் பாத்துட்டு வா கண்ணு" என்று என்னை அனுப்புவார். மோட்டார் ஓடாத நேரத்தில்கூட அனுப்பினார். நான் இல்லாதபோது யாருக்கோ போன் செய்கிறார் என்று அதற்கும் ஒரு சந்தேகம். ஒரு முற்பகலில் பாதி வழியில் திரும்பிவந்து ஜன்னலுக்கு அடியில் நின்றேன். வாயை இறுக மூடிக்கொண்டு மூக்கின் வழியாக வரும் நீண்ட சத்தம் கேட்டது. நடுநடுவே அம்மாவின் பெயர். நான் தூரப்போய், செருப்புச் சத்தம் கேட்க நடந்து வந்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, "தண்ணி போச்சா?" என்றார். "போச்சுங்கப்பா" என்றேன். அன்றும் பாதிதான் கொடுத்தேன். முழுசாகக் கொடுத்து மூச்சு நின்றுவிட்டால், என் கையால் அல்லவா நின்றதாகும்?

அந்த வாரம் சிஸ்டர் வந்ததும் அப்பாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "மருந்து நேரத்துக்குக் கிடைக்குதா?" என்று கேட்டார்.

"என்ற புள்ளை ஒரு வேளை தப்பலீங்க" என்றார் அப்பா.

சிஸ்டர் அட்டைகளை எடுத்துப் பார்த்தார். தீர வேண்டியவை தீர்ந்துதான் இருந்தன; அப்பாவின் முகத்தில்தான் வலி தீரவில்லை. என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "பயமா மோளே?" என்று மட்டும் கேட்டார். உள்ளே போய் விபூதி டப்பாவைக் கொண்டுவந்து அவர் கையில் கொட்டினேன். அத்தனை பாதிகளையும் பார்த்து அவர் கண்ணை மூடித் திறந்தார். "அப்பாவைக் கொண்டுபோறது நோய்தான். இந்த அளவுல இது வேதனையை மட்டும்தான் எடுக்கும்" என்றார். "குடுத்ததும் போயிட்டார்னா?" என்றேன். அவர் ஜீப்பை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு, "நீ கொடு. நான் இங்கேயே இருக்கேன்" என்று கட்டிலுக்கு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

முழு மாத்திரையைக் கொடுத்தேன். இரண்டு மணி நேரம் இருவரும் அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் மூச்சை எண்ணினேன். சிஸ்டரும் எண்ணினார் என்று நினைக்கிறேன். அப்பா தூங்கி எழுந்து, கோயம்புத்தூரிலிருந்து வந்த பிறகு முதல் தடவையாகத் தானே கேட்டு அரிசிக் கஞ்சி குடித்தார். சிஸ்டர் பஸ் பிடித்துப் போனார்.

அதற்குப் பிறகு அப்பா ஐந்து வாரம் இருந்தார். வாசலில் கட்டிலைப் போடச் சொல்லி, தேங்காய் போட வந்தவரிடம் இளங்காயை ஏன் வெட்டினாய் என்று சண்டை பிடித்தார். கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம் அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருக்கும்போது என்னால் அடக்க முடியவில்லை.

"பாதி மாத்திரைதானுங்கப்பா குடுத்துட்டிருந்தேன்."

"தெரியும் கண்ணு. நாக்குக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏனுங்கப்பா ஒண்ணும் கேக்கலை?"

"என்னை இன்னுங் கொஞ்ச நாளைக்கு வெச்சுக்கப் பாக்கறயாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். புள்ளை ஆசைப்படுதேன்னு பல்லைக் கடிச்சுட்டுக் கெடந்தேன்."

நான் அவர் கால்களை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். "இப்ப வலிக்குதுங்களா?" என்றேன். "இல்ல" என்றார். பொய்யோ என்று முகத்தைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வாய் லேசாகத் திறந்தபடி, நெஞ்சு சீராக ஏறி இறங்க, அவர் தூங்கிப்போயிருந்தார்.