நிஜாம் பாய் எடுத்த ஏழு பேர்

செவ்வாய்க்கிழமை காலை, லிவர்மோர் தாண்டி மலைச்சரிவில் டிராஃபிக் நகராமல் நின்றிருந்தபோது சேவியரின் போன் வந்தது. நம் தமிழ்ச் சங்கச் செயலாளர் காரணமில்லாமல் காலையில் கூப்பிடுபவர் அல்ல. “அண்ணே, நிஜாம் பாய் போயிட்டாரு. ஹார்ட் அட்டாக். விடியக்காலை ஃபஜ்ர் தொழுதுட்டு உக்காந்தவரு, எந்திரிக்கல” என்றார். ஃப்ரீவே ஓரத்தில் காரை நிறுத்தி அழுதேன். ஐம்பத்திரண்டெல்லாம் போகிற வயதா?

அழுது முடிப்பதற்குள் சேவியர் இன்னொன்றும் சொன்னார். சங்க மலருக்கு நான்தான் அஞ்சலி எழுத வேண்டுமாம். கூடவே, தொண்ணூறுகளின் சிறந்த கபடி அணி என்று பாய் எடுத்த ஏழு பேரின் பட்டியலை மறுபடி அச்சிட்டு, எட்டாவதாகச் செல்வம் என்ற என் பெயரைச் சேர்த்துப் பழைய தவறைச் சரிசெய்யக் கமிட்டி முடிவு செய்திருக்கிறதாம். அஞ்சலியை இதோ எழுதுகிறேன். அந்த முடிவைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள். ஏன் என்பதையும் எழுதுவேன்; ஒரு வரி வெட்டக் கூடாது.

பாயை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் கடையநல்லூர்க்காரர். மில்பிடாஸில் சிப் சோதிக்கும் என்ஜினியர். பே ஏரியா தமிழர்கள் பார்க் புல்வெளியில் மைதா மாவால் கோடு போட்டுக் கபடி ஆடிய காலத்தில், ஃப்ரீமாண்ட் அணிக்காகப் பாடிப் போனவர். நான் எதிரணியான மில்பிடாஸின் கேப்டன். ஒரு வருடம் பொங்கல் போட்டி ரமலான் மாதத்தில் வந்தது. அவருக்காக ஆட்ட நேரத்தைக் குறைக்கலாம் என்றேன். “செல்வம், நோன்பு எனக்குத்தான். ஆட்டத்துக்கு இல்ல” என்றார். சொன்ன கையோடு ஒரே மூச்சில் எங்களில் மூன்று பேரைத் தொட்டுவிட்டுப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டாட் காம் கம்பெனிகள் படுத்து, பாதி ஆட்டக்காரர்கள் ஊர் திரும்பிய பிறகுதான் அந்த ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கும் வேலையைச் சங்கம் அவரிடம் கொடுத்தது. மூன்று மாதம் எடுத்துக்கொண்டார். டெக்சாஸ், நியூஜெர்சி என்று சிதறிப்போனவர்களுக்கெல்லாம் போன் போட்டு விசாரித்தார். பட்டியல் மின்னஞ்சல் குழுவில் வந்தது. ஒரு கோப்பைகூட ஜெயிக்காத ரமேஷ் அதில் இருந்தார். பாய் தன் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. என் பெயரும் இல்லை. மூன்று கோப்பை வாங்கிய கேப்டன் நான்!

ஊர் வாய் சும்மா இருக்குமா? கடைசி ஃபைனலில் என்னிடம் தோற்ற வயிற்றெரிச்சல் என்றார்கள். பட்டியலில் இரண்டு முஸ்லிம் பெயர்கள் இருப்பதை எண்ணிக் காட்டி ஒருவர் எழுதினார். அதுவும் எந்த ஏர்போர்ட்டுக்குப் போனாலும் பாயைத் தனியே நிறுத்திவைத்த நாட்களில். நான் மறுத்து ஒரு வரி எழுதவில்லை. வெட்கக்கேடு. பிறகு கமிட்டியினர் அவர் வீட்டுக்கே போய்ப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, செல்வத்தைச் சேர்த்துவிடுங்கள் என்றார்கள். “சாப்பிட்டதுல ரொம்ப சந்தோஷம். டீம மாத்தணும்னா வேற ஆளப் பாருங்க” என்று சொல்லி வாசல்வரை வந்து வழியனுப்பினாராம்.

நானும் போனேன், சண்டை போட. ஏன் என்று கேட்டேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. “காரணம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மூணாவது ஆளுக்கு என் வாயால தெரிய வராது” என்றார். அடுத்த வருடம் எனக்கு வேலை போனபோது, என் ரெஸ்யூமேயைத் தன் மேனேஜரின் மேசைக்கே கொண்டுபோனவரும் அவர்தான். அணியில் மட்டும் இடம் கிடையாது.

அந்த மூன்றாவது ஆளுக்கு இப்போது நான் சொல்கிறேன். கடைசி ஃபைனல். கடைசிப் பாட்டு. நாங்கள் ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். களத்தில் நான் ஒருவன்தான் மிச்சம். நானும் அவுட் என்றால் அணியே அவுட்; அதற்கான கூடுதல் புள்ளிகளோடு கோப்பை ஃப்ரீமாண்டுக்கு. பாய் பாடி வந்தார், பின்வாங்கினார், திரும்பும்போது காலை வீசினார். அம்பயருக்கு மறைவான பக்கம். பட்டதா என்று அம்பயர் என்னிடம் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார், வந்து கை கொடுத்தார்.

பட்டது. முழங்காலுக்குக் கீழே, நன்றாகவே பட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, இத்தனை வருடம் அவரைப் பொறாமைக்காரர் என்று ஊர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் நினைத்திருந்தால் ஒரே வாக்கியத்தில் என்னைத் தொலைத்திருக்கலாம். தொலைக்கவில்லை. அதற்காகத் தன் பட்டியலையும் மாற்றவில்லை.

ஆகவே கமிட்டியாரே, ஏழு பெயர்தான். எட்டாவது பெயர் வந்தால் இந்தச் சங்கத்தில் என் பெயரே இருக்காது.

புதன்கிழமை மதியம் லிவர்மோர் கபர்ஸ்தானில் நானும் மூன்று பிடி மண் போட்டேன். பிறகு கார் டிக்கியிலிருந்து அந்தக் கோப்பையை எடுத்துவந்து, ஃப்ரீமாண்ட் அணியில் மிஞ்சியிருக்கும் இரண்டு பேர் கையில் கொடுத்தேன். எதற்கு என்று விழித்தார்கள். மலரில் படித்துக்கொள்ளுங்கள் என்றேன். இரண்டு பேரும் அதைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார்கள்.

ஜெயித்தது நீங்கள்தான், பாய். போய் வாருங்கள்.