நேட்டிவிட்டிக்கு ஐந்து கையெழுத்து

என் கடைசித் தம்பியின் மகள் பன்னிரண்டாவதில் எடுத்த மார்க்கைப் பார்த்து, சென்னையில் இருக்கிற பெரிய அரசாங்க இன்ஜினியரிங் காலேஜிலேயே இடம் கிடைக்கும் என்று அவளுடைய கணக்கு டீச்சர் சொன்னார். அந்த டீச்சர் வாய்க்கு வந்ததைச் சொல்கிற ஆள் இல்லை. எங்கள் குடும்பத்தில் கழனி வேலை செய்தவர்கள் உண்டு, கும்மிடிப்பூண்டி கம்பெனிகளில் கான்ட்ராக்டில் ஓடியவர்கள் உண்டு. நானே ஒரு கம்பெனி கேன்டீனில் இருபது வருஷம் காய் நறுக்கினேன். காலேஜ் வாசலை மிதித்தவர் ஒருவரும் இல்லை.

எனக்குக் கையெழுத்துப் போடவும் பஸ் போர்டு படிக்கவும் வரும், அவ்வளவுதான். அதனால் விண்ணப்பத்தை அவளையே ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். ஓர் இடத்தில் அவள் நிறுத்திவிட்டாள். எட்டாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை தமிழ்நாட்டில் படித்திருந்தால் ஒன்றும் கேட்க மாட்டார்கள். இவள் எட்டும் ஒன்பதும் ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் தடாவில் படித்தாள். அப்போது என் தம்பிக்கு அங்கேதான் வேலை. அதனால் நேட்டிவிட்டி சர்டிபிகேட் வேண்டும். இல்லையென்றால் வெளி மாநிலம். வெளி மாநிலம் என்றால் அந்தக் காலேஜை மறந்துவிட வேண்டியதுதான்.

பிறந்ததாவது இங்கே பிறந்தாளா என்றால், அதுவும் இல்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் வழக்கம். அவள் அம்மாவுக்குத் தாய்வீடு சூலூர்பேட்டை. எங்கள் ஊர் ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறினால் வாயில் போட்ட வெற்றிலை கரைவதற்குள் வந்துவிடும். அடுத்த தெருவுக்குப் போவதுபோலப் போய்ப் பெற்றுக்கொண்டு வந்தாள். மாநிலம் தாண்டுகிறோம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அது பிழை என்றால் பிழையாகவே இருக்கட்டும்.

வி.ஏ.ஓ. தெலுங்கில் இருந்த பிறப்புச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, ஜிலேபி ஜிலேபியா சுத்தி வெச்சிகீது? பொண்ணு ஆந்திராவாச்சே."

"பெத்தது அவங்க அம்மா ஊட்ல சார். பொண்ணு இங்கத்துப் பொண்ணு."

"நீ சொன்னா போதாதும்மா. பேப்பர் சொல்லணும்."

பெண்ணின் அப்பா இந்த ஊர்க்காரன் என்பதற்குக் காகிதம் கேட்டார். என் தம்பி பிறந்தது வீட்டிலேயே, அவனுக்குப் பிறப்புச் சான்றிதழே கிடையாது. ஐந்தாவதோடு நின்றபோது டி.சி. வாங்கவும் யாரும் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் பழைய பதிவேட்டைத் தேடி எடுத்து எழுதிக் கொடுத்தார்கள். வி.ஏ.ஓ. அதோடு விடவில்லை. இந்தக் குடும்பம் தலைமுறையாக இங்கேதான் இருக்கிறது என்று தெருவில் ஐந்து பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். விண்ணப்பம் முடிய நான்கு நாள்தான் இருந்தது.

முதலில் பழைய வார்டு மெம்பர் வீட்டுக்குப் போனோம். அவருடைய பேரனும் அதே காலேஜுக்குப் போட்டிருந்தான். எங்கள் பெண்ணைவிட மார்க் கொஞ்சம் கம்மி. இரண்டு பேருக்கும் ஒரே கோட்டா.

மெம்பர் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காகிதத்தைத் தொடவில்லை.

"கைல சட்னி கீதுக்கா."

"கழுவினு வா. நான் நிக்கிறேன்."

"பேஜாரு பண்ணாதக்கா. அங்க பொறந்துது, அங்க படிச்சிது. அங்கயே போயி சீட்டு கேக்கச் சொல்லு. இங்கத்துப் புள்ளைங்க சீட்ட இன்னாத்துக்குப் புடுங்குறீங்க?"

"உங்க தாத்தாவும் எங்க தாத்தாவும் ஒரே கழனில நாத்து நட்டாங்க நைனா. நீ மட்டும் எப்படி இங்கத்து ஆளு?"

"அதெல்லாம் சரிதான். ஒரு சீட்டுக்கு ஒரே தெருவுல ரெண்டு பேரு. என் பேரன் சீட்ட நானே எழுதிக் குடுக்கணுமா?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது என்று திரும்பும்போது தம்பி சொன்னான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மார்க்கில் முந்த முடியாத பிள்ளையைக் காகிதத்தில் முந்த வைப்பது என்ன நியாயம்?

பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வுடு அத்த. வேற காலேஜா இல்ல?" என்றாள்.

"படிச்சது நீ. கேக்குறது நான். வாய மூடிக்கினு கூட வா."

மறுநாள் ஷிப்ட் முடிந்து கம்பெனி வேன் தெருமுனையில் நிற்கும் நேரத்துக்குப் போய் நின்றேன். இறங்குகிறவர்கள் எல்லாம் எங்கள் தெருப் பெண்கள். முதலில் இறங்கியவள் என் கையில் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா பெரிம்மா, எலக்‌ஷனா?" என்றாள்.

"ஆமா. நான்தான் நிக்கிறேன். கையெழுத்து போடு."

சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்து, படித்துப் பார்த்துப் போட்டாள். அடுத்தடுத்து நான்கு பேர் போட்டார்கள். மெம்பரின் மருமகளும் அதே வேனில்தான் வந்தாள். தலையைக் குனிந்துகொண்டு போனாள். நான் கூப்பிடவில்லை. அவளும் ஒரு பிள்ளையைப் படிக்க வைக்கிறவள்.

"அஞ்சும் பொம்பளைங்களா? ஊர்ல ஆம்பளைங்களே இல்லியா?" என்றார் வி.ஏ.ஓ.

"கீறாங்க சார். கைல சட்னி கீதாம்."

அவருக்கு அது புரியவில்லை. ஆனால் அன்றைக்கே மேலே அனுப்பிவிட்டார். கடைசி நாள் மதியம் சர்டிபிகேட் வந்தது. இ-சேவை மையத்தில் உட்கார்ந்து ஏற்றினோம்.

கவுன்சிலிங்கில் அந்தக் காலேஜே கிடைத்தது. சிவில். மெம்பர் பேரனுக்கும் தெற்கே ஒரு அரசாங்கக் காலேஜில் இடம் வந்தது.

ஆர்டர் வந்த இரண்டாம் நாள் மெம்பர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தெருமுனையில் பேனர் வைக்கப் போகிறாராம்.

"பொண்ணு போட்டோ ஒண்ணு குடுக்கா. பெருசா போட்றலாம்."

"கீழ இன்னா எழுதுவ?"

"நம்ம ஊரு பொண்ணுன்னுதான்."

"அத ஒரு சின்ன பேப்பர்ல எழுதித் தரச் சொல்லித்தான் அன்னிக்கு உன் வாசல்ல வந்து நின்னேன். நீ போ நைனா."

தெருவில் எதற்குப் பகை என்று தம்பிக்கு வருத்தம். பகை ஒன்றும் இல்லை. அவர் பேரன் ஹாஸ்டலுக்குக் கிளம்பிய அன்று ஸ்டேஷன் வரைக்கும் போய் நானும்தான் வழியனுப்பினேன், அவன் பெட்டியில் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு. போட்டோ மட்டும் கொடுக்கவில்லை. இன்றைக்கு வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.