போஸ்டரில் இருக்கும் அடையாளங்கள்

மைசூர் பேருந்து நிலையம். பெண்கள் கழிப்பறைச் சுவரில் கன்னடத்தில் ஒரு போஸ்டர். எனக்குப் படிக்கத் தெரியாததால், அங்கே துப்புரவு வேலை பார்க்கும், தமிழ் பேசும் மார்டள்ளி ஊர்க்கார லட்சுமி படித்துச் சொல்கிறாள்.

"பொண்ணுங்களைக் கடத்தி விக்கறாங்கல்லங்க, அதைக் கண்டுபிடிக்கறதுக்கு ஒட்டியிருக்காங்க. பொண்ணைக் கேட்டா கூட வர்றவங்களே பதில் சொல்லுவாங்களாம். போனு, டிக்கெட்டெல்லாம் அவிங்க கையில இருக்குமாம். போற ஊரு பொண்ணுக்குத் தெரியாதாம்."

எனக்குச் சிரிப்பு வருகிறது. கல்யாணமான புதிதில் நான் இதே ஊருக்கு இப்படித்தான் வந்தேன்.

அப்போது பதினாறு வயது மதிக்கத்தக்க ஒரு பெண் உள்ளே போகிறாள். கூட வந்த அம்மாள் அவளுடைய போனை வாங்கிக்கொண்டு சற்றுத் தள்ளி நிற்கிறாள். லட்சுமி வாளியோடு பெண்ணின் பின்னாலேயே போகிறாள். திரும்பி வரும்போது குரல் தாழ்ந்திருக்கிறது.

"எந்த ஊருக்குப் போறோம்னே தெரியலைங்குதுங்க."

"சொந்தக்காரங்களா இருக்கலாமே?"

"நானும் அப்படித்தான் நெனச்சனுங்க. மறுபடி வீட்டுக்கு எப்பப் போவேன்னு கேட்டேன், அழுகுதுங்க. தாழ்ப்பாள் சிக்கிக்கிச்சுன்னு சொல்லி அந்தம்மாவை நான் சமாளிக்கறேன். நீங்க போஸ்டர்ல இருக்கற நம்பருக்குப் போன் போடுங்க."

அழுவது அடையாளமா? கல்யாணப் பேருந்தில் நானும் அழுதேன். தப்பாக இருந்தால் ஒரு குடும்பத்துக்கு அவமானம். சரியாக இருந்தால்?

எண்ணை முணுமுணுத்துக்கொண்டே வெளியே ஓடுகிறேன். என் போனும் டிக்கெட்டும் கணவரிடம் இருக்கின்றன.

"போனைக் குடுங்க, சீக்கிரம்."

அவர் கொடுக்கவில்லை.

"யாருக்கு?" என்கிறார்.